குசினியின் பின்கதவு: பாசிக்குடாவும் சமையற் கூலியும்

இலங்கையில் உல்லாசப் பயணத்தை அரசாங்கம் ஒரு தொழிற்றுறையாகக் கையிலெடுத்த ஆண்டு 1966. அவ்வாண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தினால் உல்லாசப் பயண சபை அமைந்தது. 14ஆம் இலக்கச் சட்டத்தினால் ஹோட்டல் கூட்டுத்தாபனம் அமைந்தது. ஹோட்டல் வேலை கற்பிக்கும் பாடசாலையொன்றும் அக்காலத்திலேயே கொழும்பில் தொடங்கியது. அடுத்து வந்த பத்தாண்டுத் திட்டம் நாட்டை ஐந்து உல்லாசப் பிராந்தியங்களாக வகுத்தது. அதில் கிழக்குக் கரையும் ஒன்று. கிழக்குக் கரையில் எந்த இடம் என்ற கேள்விக்குப் பாசிக்குடா என்று பதில் வந்தது. தென்மேற்கே பெந்தோட்டையும் கிழக்கே பாசிக்குடாவும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் ஒரே நோக்கத்தோடு தெரிவான இடங்கள். 1966இல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகள் 18,969 பேர். 1982இல் 407,230 பேர்.

இந்த எண்களை வைத்து எழுதியவர்கள் பலர். முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடந்து போகக்கூடிய அந்தக் கடலை எழுதியவர்கள் அதைவிடப் பலர். நான் கேட்க விரும்புவது வேறு. இந்தக் கரைக்கு வந்தவர்களுக்குச் சமைத்தது யார்? பாத்திரம் கழுவியது யார்? கழுவியவர் எத்தனை வருடத்தில் கத்தி பிடித்தார், கத்தி பிடித்தவர் எத்தனை வருடத்தில் அடுப்பைப் பொறுப்பேற்றார்? கோறளைப்பற்றுப் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கிற எனக்கு இது புத்தகத்திலிருந்து வந்த கேள்வியல்ல. ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பெறுபேறு வந்து ஒரு மாதம் போனதும், கணிதம் தவறிய பையன்கள் வந்து நிற்பார்கள். "சேர், பாசிக்குடா ஹோட்டல்ல கிச்சினுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். போனா நல்லமா?" ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிகிற பதில் என்னிடம் இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதையைச் சொல்லவேண்டியிருக்கிறது.

சொல்லுக்குள் கிடக்கிற சங்கதி

தமிழ் படித்தவன் சொல்லிலிருந்துதான் தொடங்குவான். நம்மூரில் தின்கிற பொருட்களுக்குப் பெரும்பாலும் நமது சொற்களே இருக்கின்றன: சோறு, ஆணம், பிட்டு, இடியப்பம், ஆப்பம். வீட்டில் சமைக்கிற இடம் அடுப்படி. கூலிக்குச் சமைக்கிற இடத்தை மட்டும் யாரும் அடுப்படி என்று சொல்வதில்லை. அது குசினி; போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். கூலிக்குச் சமைக்கிறவர் கோக்கி. அது ஒல்லாந்தர் விட்டுப்போனது. மேசனுக்கும் தச்சனுக்கும் பேக்கரியில் மா குழைக்கிறவருக்கும் நாம் பொதுவாகக் கொடுக்கும் ‘பாஸ்’ என்ற பட்டமும் ஒல்லாந்தம்தான். அவர் போடுகிற பாண் போர்த்துக்கீசம். சமையல் எந்தக் காலத்தில், எவருடைய மாளிகையில் சம்பள வேலையாக மாறியது என்பதை இந்தச் சொற்கள் காட்டிக்கொடுக்கின்றன. பிறகு குசினி நமது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அடுப்படி ஹோட்டலுக்குள் போகவே இல்லை.

பிரித்தானியர் காலத்து ‘ரெஸ்ட் ஹவுஸ்’ நமக்கு வாடிவீடு ஆனது. வாடி என்றால் கரையில் மீனவர் அடிக்கிற கொட்டில். அரச உத்தியோகத்தர் தங்கிப் போகிற கல்வீட்டுக்கு அந்தப் பெயர் எப்படி ஒட்டியது என்று யோசித்தால் சிரிப்பு வரும். ஏனென்றால் பிற்காலத்தில் பாசிக்குடாவில் நடந்தது மறுபக்கக் கதை: ஹோட்டல்கள் வந்தன, வாடிகள் ஓரத்துக்குப் போயின.

பழைய இலக்கியத்தில் சமையற்காரருக்கு மடையர் என்று பெயர். மடை என்றால் சோறு, சமையல். மடைப்பள்ளி என்பதில் அந்தச் சொல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அறிவில்லாதவனைச் சொல்கிற மடையன் வேறு, அது மடம் என்ற அடியிலிருந்து வருவது என்று அகராதி பிரித்துக் காட்டும். காது அப்படிப் பிரிப்பதில்லை. நளவெண்பாவின் நளனும் பாரதக் கதையின் வீமனும் தம்மை மறைத்து வாழவேண்டிய காலத்தில் தெரிந்தெடுத்த வேலையும் இந்த மடைத்தொழில்தான். நாடிழந்த அரசனை யாரும் தேடாத இடம் குசினி என்பது அந்தக் கவிஞர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நமது கடைகளின் ஏணி

கல்குடாப் பக்கத்து முஸ்லிம்களுக்குச் சமையல் புதிய வேலையல்ல. கந்தூரிக்கும் வலீமாவுக்கும் கிடாரத்தில் சோறாக்குகிற ஆண்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள். அந்த ஒரு நாளில் ஊரே அவருடைய வாயைப் பார்த்து நிற்கும்; உப்பு, தண்ணி, தணல் எல்லாம் அவர் சொன்னபடி. மறுநாள் அவர் வயலுக்கோ தோணிக்கோ போய்விடுவார். அது ஒரு கைத்திறன். அதை யாரும் உத்தியோகம் என்று எண்ணவில்லை.

உத்தியோகமாக ஆனது சாப்பாட்டுக் கடையில். ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் நாவலடிச் சந்தியிலும் இருக்கிற கடைகளைப் பார்த்தால் ஓர் ஏணி தெரியும். பதினாலு பதினைந்து வயதில் பீங்கான் கழுவ வந்து சேர்கிற பையன், கொஞ்ச நாளில் மேசை துடைப்பான். பிறகு தேத்தண்ணி அடிப்பான். மா குழைக்கக் கை பழகினால் ரொட்டிக் கல்லுக்குப் போவான். கொத்துத் தகட்டைப் பிடித்துவிட்டால் அவனுக்கு மதிப்பு வந்துவிட்டது. பக்கத்து ஊர்க் கடைக்காரர் வந்து கூடச் சம்பளம் பேசுவார். அங்கிருந்து காசு மேசை, அங்கிருந்து சொந்தக் கடை. இன்றைய முதலாளிமார் சிலரின் கதை இதுவேதான். படிப்பு, சான்றிதழ், ஆங்கிலம் ஒன்றும் கேட்காத ஏணி. (சிறுவர் உழைப்பு என்று சட்டம் சொல்வதை இந்த ஏணியின் முதற்படியிலே கண்டும் காணாமல் விட்டிருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

இந்த ஏணி நம்மூரோடு நின்றுவிடவில்லை. கொழும்பில் வளர்ந்து தொழில் பழகிய ஏ.எம். புஹாரி 1951இல் சென்னை மவுண்ட் றோட்டில் திறந்த ஹோட்டல் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது. சிக்கன் 65 அந்தக் கடையில் பிறந்தது என்பது பரவலான பேச்சு. கடையின் பெயர் தெரியும், முதலாளியின் பெயர் தெரியும், உணவின் பெயர் உலகத்துக்கே தெரியும். முதன்முதலில் அந்தக் கோழியைப் பொரித்த கை யாருடையது என்று கேட்டால் பதில் கிடைக்காது. கொத்து ரொட்டியும் அப்படித்தான். அது கிழக்கிலே பிறந்தது என்று மட்டக்களப்பாரும் திருகோணமலையாரும் அடித்துச் சொல்வோம். முதற்கொத்தைக் கொத்தியவரின் பெயரைச் சொல்ல நம்மில் ஒருவருக்கும் முடியாது.

இந்த ஏணியில் குறையும் இருக்கிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டிலேயே வந்தது. ஓர் ஊழியரை வைத்திருந்தாலும் முதலாளி பதிவு செய்ய வேண்டும். முதலாளியின் பங்கு நூற்றுக்கு 12, ஊழியரின் பங்கு நூற்றுக்கு 8. 1980இன் சட்டத்தின்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி இன்னும் 3 கொடுக்க வேண்டும். நமது கடைகளில் எத்தனை ரொட்டிக்காரருக்கு இந்தக் கணக்கு ஓடுகிறது? இருபது வருடம் கல்லுக்கு முன்னால் நின்று முழங்கால் தேய்ந்தவர், வேலையை விட்டுப் போகிற நாளில் கையில் கொண்டு போவது முதலாளியின் துஆவையும் ஒரு சாரத்தையும் மட்டுமே. சமையலின் சூட்டையும் புகையையும் தாங்கிய பணியாளைப் பக்கத்தில் இருத்தி உண்ணச் செய்யுங்கள், அது இயலாவிட்டால் ஓரிரு கவளமாவது கொடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. நமது கடைகளில் பணியாளுக்குச் சாப்பாடு உண்டு, அதில் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபிறகு, அநேகமாக நின்றபடி.

கூரையில்லாத சுவர்கள்

எழுபதுகளில் பாசிக்குடாவுக்கு ஹோட்டல்கள் வந்தன. இம்பீரியல் ஓசியானிக், சன் அன்ட் ஃபன் என்ற பெயர்களை எமது வாப்பாமார் காலத்தவர் இன்றும் சொல்வார்கள். ரயில் கல்குடாவரை வந்தது. மீன், கோழி, தேங்காய், மரக்கறி எல்லாம் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து போயின. ஊரார் தோட்டத்திலும் துணி வெளுக்கிற இடத்திலும் குசினியின் பின்பக்கத்திலும் வேலை பெற்றார்கள்.

1983இல் எல்லாம் முறிந்தது. போர் தொடங்கியபின் உல்லாசப் பயணி வருவது நின்றது. 1990க்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போகப் பயந்த காலத்தில் அந்தக் கட்டடங்கள் காட்டுக்குள் போய்விட்டன. எங்கள் இளவயதில் பாசிக்குடா என்றால் கூரையில்லாத சுவர்களும் அதற்குள் முளைத்த எருக்கலையும்தான். மிஞ்சியிருந்ததையும் 2004 டிசம்பர் 26 கடல் வந்து அடித்துப் போனது.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப்பக்கம் நடந்ததைக் கவனிக்க வேண்டும். மாலைதீவின் முதலாவது உல்லாச விடுதியான குறும்பா 1972இல் திறக்கப்பட்டது. அதாவது பாசிக்குடாவும் மாலைதீவும் இந்தத் தொழிலில் கிட்டத்தட்ட ஒன்றாகப் பிறந்த பிள்ளைகள். ஒன்று பாழடைந்தபோது மற்றது வளர்ந்தது. பாசிக்குடாவில் கற்றிருக்க வேண்டிய வேலையை நமது பையன்கள் மாலைதீவின் தீவுகளில் போய்க் கற்றார்கள். வளைகுடாவுக்குப் போனவர்கள் இன்னும் அதிகம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் உருவானதே அந்த வெள்ளத்தை ஒழுங்குபடுத்தத்தான். ஆண்கள் கடைக் குசினிகளுக்கும் முகாம் மெஸ்களுக்கும் போனார்கள், பெண்கள் வீட்டுக் குசினிகளுக்குப் போனார்கள். மூதூரிலிருந்து 2005இல் பதினேழு வயதில், கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டு, சவூதிக்குப் போன ரிஸானா நபீக் 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனைக்குள்ளானதை நாம் எல்லோரும் அறிவோம். வீட்டுவேலைக்கென்று போன பிள்ளையின் கையில் நான்கு மாதக் குழந்தைக்குப் பாலூட்டுகிற பொறுப்பும் கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் இங்கு நினைவூட்டுகிறேன். குசினி உதவியாளர் என்றால் என்ன வேலை, எது அந்த வேலை இல்லை என்று எழுதிய ஒரு தாள் இல்லாததால் வருகிற வினை அது.

2011க்குப் பிறகு

போர் முடிந்தபின் பாசிக்குடாக் கரை துண்டு துண்டாக அளக்கப்பட்டு முதலீட்டாளருக்குக் கொடுக்கப்பட்டது. 2011இல் மாலு மாலு திறந்தது. பிறகு அமேதிஸ்ட், ஊகா பே, சென்டாரா, அமாயா, அனிலானா, சன் சியாம் என்று சில வருடங்களுக்குள் குடாவைச் சுற்றி வரிசை கட்டி எழுந்தன. ஆயிரக்கணக்கில் வேலை வரும் என்று மேடைகளில் பேசப்பட்டது.

வேலை வந்தது. யாருக்கு எந்த வேலை என்பதைக் கொழும்பிலுள்ள வறுமை பற்றிய ஆய்வு நிறுவனமொன்றைச் சேர்ந்தவர்கள் பாசிக்குடாவில் தங்கி விசாரித்து 2016இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டார்கள். விருந்தோம்பலும் விலக்கலும் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். திறன் வேண்டிய, சம்பளம் கூடிய இடங்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் அடிமட்ட வேலைகள் ஊராருக்குமாகப் போனதை அது எடுத்துக்காட்டியது. மீனவர் கரையிழந்ததையும் பேசியது. ஊர்ப் பையன்கள் வேலையில் நிற்பதில்லை என்று ஹோட்டல்காரர் சொல்கிறார்கள், நிற்கிற மாதிரி வேலை இல்லை என்று பையன்கள் சொல்கிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஏன் என்று விளங்க, பெரிய ஹோட்டல் குசினி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் சவோய் ஹோட்டலின் குசினியை ஒழுங்குபடுத்தியவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுக்காரர். 1870 யுத்தத்தில் படைக்குச் சமைத்தவர். குசினியையும் ஒரு படைப்பிரிவு போல அடுக்கினார். இன்று பாசிக்குடாவில் இருப்பதும் அந்த அடுக்குத்தான்: அடியில் கொமி, அதற்கு மேல் டெமி ஷெஃப், ஷெஃப் டி பார்ட்டி, சூ ஷெஃப், உச்சியில் எக்ஸெக்கியூட்டிவ் ஷெஃப். போர்த்துக்கீசம், ஒல்லாந்தம் போய் இப்போது பிரெஞ்சு.

நமது பையன்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத விஷயம் ஒன்றுண்டு. ‘கிச்சின் ஸ்டுவேர்ட்’ என்ற பெயரில் எடுக்கப்படுகிறவன் இந்த அடுக்கின் கடைசிப் படியில் இல்லை. அவன் இந்த அடுக்கிலேயே இல்லை. பாத்திரம், பீங்கான், கிளாஸ் கழுவுவது, குப்பை பிரிப்பது, கொழுப்புத் தொட்டி துப்பரவாக்குவது எல்லாம் ‘ஸ்டுவேர்டிங்’ என்ற தனிப் பிரிவு. அதற்குள் ஒருவன் உயர்ந்தால் அந்தப் பிரிவின் மேற்பார்வையாளனாக உயர்வான். அடுப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் ஒரு ஷெஃப் அவனைக் கண்டு, பிடித்துப்போய், கேட்டு எடுக்க வேண்டும். அப்படி எடுத்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள். கொழும்பிலும் வளைகுடாவிலும் நல்ல பெயரெடுத்த ஷெஃப்மார் சிலர் கழுவுகிற தொட்டியில் தொடங்கியவர்கள். அது தயவினால் நடப்பது. விதியினால் நடக்காது. ஓட்டமாவடிக் கடையில் பீங்கான் கழுவுகிறவனுக்கும் ரொட்டிக் கல்லுக்கும் இடையே ஐந்து அடி தூரம். பாசிக்குடாவில் இடையே ஒரு பிரிவின் சுவர்.

அடுத்தது மொழி. ஓடர் ஆங்கிலத்தில் வருகிறது. ஷெஃப் ஏசுவது சிங்களத்தில். பையன் நினைப்பது தமிழில். அவசர நேரத்தில் ஒரு சொல் விளங்காமல் நின்றால் அவன் மந்தமானவன் என்று முடிவாகிவிடும்.

பிறகு பருவம். தென்மேற்குக் கரைக்கு நல்ல காலம் நவம்பர் முதல் ஏப்ரல்வரை, நமக்கு அதன் மறுபாதி. மே தொடக்கம் செப்டெம்பர்வரை அறைகள் நிரம்பும். வாடைக்காற்றோடு மழை வந்தால் வெறிச்சோடும். ஹோட்டல் ஊழியரின் வருமானத்தில் பெரிய பங்கு சம்பளமல்ல, பில்லில் நூற்றுக்குப் பத்தாகச் சேர்க்கிற சேவைக் கட்டணம். அதை ஊழியருக்குப் படிநிலைப்படி ‘பொயின்ட்’ வைத்துப் பிரிப்பார்கள். ஓகஸ்டில் கை நிறைய வந்த காசு டிசம்பரில் பெயரளவுக்கு இருக்கும். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் 10,000 ரூபா. 2021இல் 12,500, 2024இல் 17,500, 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று ஏறியது. ஆள் பிடித்துக் கொடுக்கிற ‘மேன்பவர்’ கம்பனி மூலம் நாட்கூலிக்குப் போகிறவனுக்கு, கூப்பிடாத நாளில் இந்த எண்களால் பிரயோசனமில்லை. தொழில் தெரிந்த கொமி ஒருவன் மழைக்காலத்தில் பெந்தோட்டைக்கோ ஹிக்கடுவைக்கோ மாறிப் போய் இரண்டு பருவமும் உழைப்பான். கழுவுகிறவனை அங்கே யாரும் கூப்பிட மாட்டார்கள், அவனைப் போன்றவன் அங்கேயே இருக்கிறான்.

ஹராமும் இரவும்

முஸ்லிம் பையன்கள் இந்த வேலைக்குப் போகத் தயங்குவதற்கு வீட்டில் சொல்கிற முதற்காரணம் மது, பன்றி. இரண்டாவது, கலியாணம். ஹோட்டலில் வேலை என்றால் பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். அதே பையன் டோஹாவில் ஹோட்டலில் வேலை என்றால் யோசிப்பதில்லை. இந்த முரண்பாட்டை ஊர்ப்பெரியவர்கள் விளக்கினால் நான் கேட்டுக்கொள்வேன்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. அதில் நான் கைவைக்கவில்லை. குசினியின் அமைப்பைத் தெரிந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். பேக்கரி, பேஸ்ட்ரிப் பகுதியில் நிற்கிறவன், மீன் பகுதியில் நிற்கிறவன், காலை இடியப்பமும் ஆப்பமும் போடுகிறவன், தான் தொடுகிற பொருளை அறிந்து தொடுகிறான். வேண்டாததைத் தவிர்க்கிறேன் என்று தன் மேலதிகாரியிடம் சொல்லி இடம் பெற ஓரளவுக்கு வழியுண்டு. கழுவுகிற தொட்டிக்கு வருகிற கிளாஸில் என்ன இருந்தது என்று கேட்க அங்கே நிற்கிறவனுக்கு வழியில்லை. எது வந்தாலும் கழுவ வேண்டும். பேணுதலை நினைத்து வேலை பழகாமல் விட்ட பிள்ளையை, வறுமை கடைசியில் பேணுதலுக்கு ஆகக்குறைந்த வாய்ப்புள்ள இடத்திலே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஜும்ஆப் பிரசங்கத்தில் ஒரு தடவையாவது பேசப்பட வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன்.

பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரவு வேலை முடிகிற நேரத்தில் பஸ் இல்லை. வானில் ஏற்றி இறக்கினாலும் ஊர் பேசும். அதற்காக நமது பெண்கள் உணவுத் தொழிலில் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. சுபஹுக்கு முன்னே எழும்பி இடியப்பம் அவித்து, பிட்டு அவித்து, ரோல்ஸ் சுற்றிக் கடைகளுக்குக் கொடுக்கிற பெண்கள் இல்லாவிட்டால் நமது சாப்பாட்டுக் கடைகளின் காலை வியாபாரமே இல்லை. தட்டுக்கு இவ்வளவு என்று கைக்காசு. திரும்பி வந்த தட்டின் நட்டம் அவர்களுடையது. போரில் துணையிழந்த குடும்பங்கள் பல இந்த அடுப்பில்தான் பிழைத்தன. வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் உதவியோடு நடக்கிற அம்மாச்சி உணவகங்களில் பெண்கள் வாடிக்கையாளரின் கண்ணுக்கு முன்னால் நின்று சமைத்துத் தாங்களே விற்கிறார்கள். அதே தோசையும் பிட்டும்தான். கொழும்புக்குப் போகிறவர்கள் பஸ்ஸை நிறுத்திச் சாப்பிடுகிறார்கள். அதைப் போன்ற ஒன்று பாசிக்குடா வீதியில் இருந்தால் வெள்ளைக்காரனும் வருவான், ஓட்டமாவடிக்காரனும் வருவான். மது பற்றிய கேள்வி எழாது, இரவு எட்டு மணிக்குக் கதவு பூட்டலாம்.

ஒரு மாக்கட்டி

இந்தத் தொழில் நம்பிக்கையின்மேல் நிற்கிறது. முன்பின் தெரியாத ஒருவன் ஆக்கியதை வாயில் வைக்கிறோம். 2013இல் ஹலால் சான்றிதழுக்கு எதிராக எழுந்த பிரசாரம் முதலில் தொட்டது அந்த நம்பிக்கையைத்தான். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, கருத்தடை மாத்திரை கலந்திருக்கிறாய் என்று கூட்டம் சேர்ந்தது. கடையில் நின்றவருக்குச் சிங்களம் சரியாக வராது. சூழ நின்ற மிரட்டலுக்கு நடுவே ஒப்புக்கொள்வது போன்ற ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது. அது வீடியோவாக நாடெல்லாம் ஓடியது. கடை நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் திகன எரிந்தது. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்துவிட்டு அது மாப்பொருள் என்றார். அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். சொல்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இதை இனவாதக் கதையாக நாம் பலதடவை எழுதிவிட்டோம். தொழிலாளர் கதையாக எழுதவில்லை. மாவைக் கரைக்கிற கையும் கேள்விக்குப் பதில் சொல்கிற வாயும் ஒரே ஆளுக்குச் சொந்தம். வாடிக்கையாளரின் மொழியில் நாலு வசனம் தெளிவாகப் பேசுவது இந்தத் தொழிலில் உப்புப் பதம் தெரிவதைப் போல ஒரு திறன். நமது ஏணியில் அதைக் கற்பிக்கிற படி இல்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நிலைமை இன்னும் மோசமானது. குண்டு வெடித்த இடங்களில் ஒன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயம்; பாசிக்குடாவிலிருந்து ஒரு மணித்தியாலப் பயணம். முஸ்லிம் கடைகளில் சாப்பிடாதே என்ற பிரசாரம் ஒருபக்கம், அறை பதிவுகள் ஒன்றொன்றாக இரத்தானது மறுபக்கம். 2018இல் 2,333,796 ஆக இருந்த உல்லாசப் பயணிகளின் வருகை 2019இல் 1,913,702 ஆனது. கொரோனாவோடு 2021இல் 194,495க்கு விழுந்தது. 2022இல் எரிவாயுவும் பெற்றோலும் இல்லை. கடைகள் விறகடுப்புக்குத் திரும்பின. 2024இல் மீண்டும் 2,053,465. இந்த ஏற்ற இறக்கத்தில் ஒவ்வொரு தடவையும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவன் கழுவுகிறவன். திரும்பக் கூப்பிடும்போது வேறொருவனைக் கூப்பிடுவார்கள். பழையவன் நின்றான் என்பதற்குத் தாள் இல்லை.

தாள்

ஆக, இந்தப் பகுதியில் இரண்டு ஏணிகள். நமது கடையில் ஏறலாம், தாள் இல்லை. ஹோட்டலில் தாள் உண்டு, அடியிலிருந்து ஏறுவது அரிது. இரண்டையும் இணைக்கிற வழி சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, நமது ஆட்களுக்குத்தான் தெரியாது. தேசிய தொழிற் தகைமை என்ற முறையில் சமையற்காரர், பேக்கர், உணவு பரிமாறுபவர் எல்லோருக்கும் மட்டங்கள் உண்டு. வகுப்பில் உட்காராமல், அனுபவத்தால் கற்றதைச் செய்து காட்டிச் சான்றிதழ் பெறவும் அந்த முறையில் இடமுண்டு. பதினைந்து வருடம் கொத்துத் தகடு பிடித்தவர் பரீட்சகருக்கு முன்னால் சமைத்துக் காட்டலாம். கையில் அந்தச் சான்றிதழ் இருந்தால் அவர் ஹோட்டலின் பின்கதவால் ஸ்டுவேர்டாகப் போகத் தேவையில்லை, முன்கதவால் கொமியாகக் கேட்கலாம். மாலைதீவுக்கோ கட்டாருக்கோ போனாலும் அது பேசும்.

இளையவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. அந்த ஹோட்டல் பாடசாலை இன்று சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகமாக வளர்ந்து பாசிக்குடாவிலும் கிளை வைத்திருக்கிறது. பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியின் தொழிற்பாடங்களில் விருந்தோம்பலும் ஒன்று. கணிதம் தவறியவனும் அதில் சேரலாம். எங்கள் பக்கத்தில் அந்தப் பிரிவைக் கெட்டிக்காரர் அல்லாதவர்களின் வகுப்பு என்று ஆசிரியர்களே பேசுவதை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது.

என்னிடம் வந்து நிற்கிற பையனுக்கு நான் இப்போது சொல்வது இவ்வளவுதான். போ. போவதற்கு முன் மூன்று கேள்வி கேள். நியமனக் கடிதத்தில் கிச்சின் என்று இருக்கிறதா, ஸ்டுவேர்டிங் என்று இருக்கிறதா? உன்னை எடுப்பது ஹோட்டலா, மேன்பவர் கம்பனியா? சேமலாப நிதி இலக்கம் எப்போது கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் வெள்ளைத் தொப்பி போட்டுப் படமெடுத்து அனுப்பாதே.

கடையில் நிற்கிற அவனுடைய காக்காவுக்குச் சொல்வதுதான் கடினம். அனுபவத்துக்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது இத்தனை வருடம் இந்த வேலை செய்தார் என்று முதலாளியின் கடிதம் வேண்டும். முதலாளி நல்லவர். பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிறவர். அந்தக் கடிதத்தை எழுத மட்டும் கை வருகுதில்லை. பன்னிரண்டு வருடம் என்று எழுதிக் கையொப்பம் வைத்தால், அந்தப் பன்னிரண்டு வருடத்துச் சேமலாப நிதி எங்கே என்று தொழில் திணைக்களம் கேட்கும். நமது வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தொழில் திணைக்களத்து உத்தியோகத்தரைக் கூப்பிட்டு வைத்து, பழைய நிலுவையை எப்படித் தவணையாகத் தீர்ப்பது, இன்றிலிருந்து எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு பின்னேரம் பேசலாம். கூட்டம் வைப்பதானால் அஸருக்குப் பிறகு வையுங்கள். மஃரிபிலிருந்து கொத்துக் கடையில் ஆள் பிடிக்க ஏலாது.